புரட்சிகளை அட்டவணைக்குள் அடைக்க வேண்டாம்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்றுப் பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

மேல்நிலை வகுப்பு வரலாற்றுப் பாடநூலுக்காக நீங்கள் வெளியிட்டிருக்கும் வரைவில், சமயச் சீர்திருத்தம், அறிவியல் புரட்சி, அமெரிக்கப் புரட்சி, பிரெஞ்சுப் புரட்சி, தொழிற்புரட்சி என்று இதுவரை தனித்தனிப் பாடங்களாக இருந்தவை அனைத்தும் ஒரே பாடமாகச் சுருக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பாடத்தின் பெரும்பகுதியை ஓர் அட்டவணை பிடித்துக்கொண்டிருக்கிறது: புரட்சியின் பெயர், ஆண்டு, காரணங்கள், விளைவுகள். ஹைட்டிப் புரட்சி அடியோடு நீக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மானிய உழவர் எழுச்சியும், பிரான்சில் பெண்கள் எழுப்பிய உரிமைக் குரலும், ஆலைத் தொழிலாளர் போராட்டங்களும் பாடச்சுமையைக் குறைக்கும் பொருட்டு விடப்பட்டதாக முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவரும் ஆசிரியர் என்ற முறையில் இந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

பாடச்சுமை குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து கிடையாது. தேர்வு நெருங்க நெருங்க வகுப்பறையில் நடப்பது கற்பித்தலா ஓட்டப்பந்தயமா என்று எங்களுக்கே ஐயம் வந்துவிடுகிறது. ஆனால் எது சுமை, எது சரக்கு என்று பிரிப்பதில்தான் உங்கள் குழு தவறியிருக்கிறது. ஆண்டுகளும் பெயர்களும் அப்படியே இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படிப் பிறந்தது என்பது மட்டும் போய்விட்டது. இதனால் என்ன விளையும் என்பதை நான் ஊகித்துச் சொல்லவில்லை, விடைத்தாளில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். சமயச் சீர்திருத்தத்தின் விளைவுகளைக் கேட்ட ஒரு வினாவுக்கு ஒரு மாணவி, மனப்பாடம் இடறி, தொழிற்புரட்சியின் விளைவுகளை எழுதியிருந்தார்: மக்களிடையே விழிப்புணர்வு ஏற்பட்டது, பழைய முறைகள் மறைந்தன, புதிய வகுப்பினர் தோன்றினர், பிற நாடுகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது. விடைக்குறிப்பை எடுத்து ஒப்பிட்டேன். நான்கில் மூன்று அதிலும் ஏறக்குறைய அதே சொற்களில் இருந்தன. மதிப்பெண் போட்டேன், வேறு என்ன செய்ய? எல்லாப் புரட்சிக்கும் பொருந்துகிற விடை எந்தப் புரட்சியையும் பற்றியது அன்று என்பதை அந்த மாணவியிடம் சொல்லிப் பயனில்லை, உங்களிடம்தான் சொல்ல வேண்டும். உங்கள் அட்டவணை அந்த விடைக்குறிப்பைப் பாடநூலாகவே ஆக்கியிருக்கிறது.

அட்டவணையின் முதல் சிக்கல், அதன் கட்டங்கள் உண்மையில் இல்லாத மதில்களை எழுப்புகின்றன என்பது. அச்சுக்கலையை நீங்கள் அறிவியல் புரட்சியின் கட்டத்தில் வைத்திருக்கிறீர்கள், சமயச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரைச் சமயத்தின் கட்டத்தில். ஆனால் மைன்ஸ் நகரில் குட்டன்பெர்க் பைபிளை அச்சிட்டுக்கொண்டிருந்த அதே 1450களில் அந்நகரின் அச்சகங்களில் பாவமன்னிப்புச் சீட்டுகளும் அச்சாகிக்கொண்டிருந்தன. வாங்குபவரின் பெயருக்கும் நாளுக்கும் இடம் விட்டு, மற்றதையெல்லாம் ஒரே வார்ப்பில் அடித்துத் தள்ளிய சீட்டுகள் அவை. கையால் எழுதிய காலத்தில் அவற்றை அத்தனை எண்ணிக்கையில் விற்றிருக்க முடியாது. 1517இல் விட்டன்பெர்க்கில் லூதர் எதிர்த்தது இந்த வணிகத்தைத்தான். அவர் லத்தீனில் எழுதிய 95 கருத்துரைகளைச் சில வாரங்களில் பல நகரங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அச்சுதான். நோயைப் பரப்பியதும் மருந்தைப் பரப்பியதும் ஒரே எந்திரம் என்று வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அதே கட்டத்தில், விளைவுகள் என்ற தலைப்பின் கீழ், "மக்களுக்குச் சமயச் சுதந்திரம் கிடைத்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். கிடைக்கவில்லை. 1555இல் ஆக்ஸ்பர்க் உடன்பாடு கத்தோலிக்கமா லூதரியமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை ஆட்சியாளர்களுக்கு வழங்கியது. குடிமக்கள் அரசரின் சமயத்தைப் பின்பற்ற வேண்டும், இல்லையேல் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். 1618இலிருந்து 1648 வரை முப்பதாண்டுப் போரில் மத்திய ஐரோப்பா எரிந்து தணிந்த பிறகும் பல நாடுகளில் இந்த நிலை முழுமையாக மாறவில்லை. மக்கள் என்ன கேட்டார்கள் என்பதை அறிய வேண்டுமானால் நீங்கள் நீக்கிய பக்கத்துக்குத்தான் போக வேண்டும். 1525 மார்ச்சில் மெமிங்கன் நகரில் உழவர்கள் வகுத்த 12 கோரிக்கைகளில் முதலாவது, தங்கள் போதகரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை. மூன்றாவது, பண்ணையடிமை முறையின் ஒழிப்பு: கிறிஸ்து தம் குருதியால் இடையன் முதல் பெருந்தனக்காரன் வரை அனைவரையும் மீட்டிருக்கையில், எங்களை மட்டும் ஒருவரின் உடைமையாக வைத்திருப்பது எப்படி என்று அவர்கள் கேட்டார்கள். இந்தக் கோரிக்கைகளும் அச்சில் ஏறி ஜெர்மானிய நிலமெங்கும் பரவின. வேதத்தை யாரும் படித்துப் பொருள் காணலாம் என்று சொன்ன லூதர், அவர்கள் அவ்வாறே படித்துப் பொருள் கண்டபோது, அவர்களை ஈவிரக்கமின்றி ஒடுக்குமாறு சிற்றரசர்களுக்கு எழுதினார்.

நான் இந்த மடலில் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். ஒவ்வொரு புரட்சியும் தன் முன்னோடிகள் எண்ணிப் பார்த்திராத மனிதர்களிடம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் அதன் சொற்களை அப்படியே நம்பித் தங்களுக்கும் அது உரியது என்று உரிமை கோரினார்கள். நவீன உலகம் அந்த இரண்டாவது கோரிக்கையால் உருவானதே மிகுதி. உங்கள் வரைவு முன்னோடிகளை வைத்துக்கொண்டு, உரிமை கோரியவர்களை ஒருவர் விடாமல் நீக்கியிருக்கிறது. திட்டமிட்டுச் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. அட்டவணையில் அவர்களுக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

அறிவியலுக்கு வருகிறேன். கோப்பர்னிக்கஸ் 1543, கெப்ளர் 1609, கலிலியோ 1610, நியூட்டன் 1687 என்று ஒரு வரிசை கொடுத்து, இவர்கள் மூடநம்பிக்கையை வென்றார்கள் என்று முடித்திருக்கிறீர்கள். வென்றார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும், எப்படிச் சிந்தித்தார்கள் என்பதல்லவா மாணவருக்கு வேண்டும்? நான் வகுப்பில் ஒரு பயிற்சி வைத்துவருகிறேன். 1610 ஜனவரியில் கலிலியோ வியாழன் கோளைப் பார்த்துக் குறித்துவைத்த படங்களைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் வரைவேன். ஜனவரி 7: நடுவில் ஒரு வட்டம், கிழக்கே இரண்டு புள்ளிகள், மேற்கே ஒன்று. ஜனவரி 8: மூன்றும் மேற்கே. ஜனவரி 10: இரண்டு மட்டும், இரண்டும் கிழக்கே. ஜனவரி 13: நான்கு. என்ன நடக்கிறது என்று கேட்பேன். வட்டம்தான் நகர்கிறது என்பார் ஒருவர். கலிலியோவும் முதலில் கிட்டத்தட்ட அப்படித்தான் குழம்பினார். ஒரு புள்ளி வட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது என்பார் இன்னொருவர். சற்று நேரத்தில் யாரோ ஒருவர், அவை அதைச் சுற்றுகின்றன என்பார். பூமியைச் சுற்றாத பொருள்களும் வானில் உண்டு என்பதைப் பிறகு நான் விளக்க வேண்டியதே இல்லை. ஒரு பாடவேளை இதற்குச் செலவாகிறது. புதிய வரைவின்படி அந்தப் பாடவேளையில் நான் மூன்று புரட்சிகளை முடித்திருக்க வேண்டும்.

கோப்பர்னிக்கசின் நூல் 1616இல் தடைக்குள்ளாகி 1835இல்தான் தடைநூற் பட்டியலிலிருந்து முழுவதுமாக விலகியது என்பதையும் வரைவு சொல்லவில்லை. அறிவு ஒருமுறை வென்றால் வென்றதுதான் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் படிவது நல்லதன்று. (நியூட்டனின் பிரின்சிபியா நூலை அச்சிட லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியிடம் பணமில்லை, மீன்களைப் பற்றிய ஒரு பெருநூலுக்குச் செலவழித்துவிட்டிருந்தது, வானியலாளர் ஹாலி தம் கைப்பணத்தைப் போட்டு வெளியிட்டார். இதை நான் தேர்வுக்காகச் சொல்வதில்லை. ஆனாலும் மறக்காமல் இருப்பது இதுதான்.)

இனி ஒரு தெளிவான பிழை. "ஜேம்ஸ் வாட் 1769இல் நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்தார்" என்கிறது அட்டவணை. 1712இலேயே நியூகோமன் அமைத்த எந்திரம் இங்கிலாந்தின் டட்லி அருகே நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து நீர் இறைத்துக்கொண்டிருந்தது. வாட் செய்தது வேறு: கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான நியூகோமன் எந்திரத்தின் சிறு மாதிரியைப் பழுதுபார்க்கும்போது, ஒவ்வொரு முறையும் உருளையைச் சூடாக்கிக் குளிர்விப்பதில் நீராவியின் பெரும்பகுதி வீணாவதைக் கண்டு, குளிர்விப்பதற்குத் தனிக் கலம் ஒன்றை அமைத்தார். 1769 அந்தத் திருத்தத்துக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு. நியூகோமன் எந்திரத்தின் தண்டைக் கீழே தள்ளியது காற்றின் அழுத்தம். காற்றுக்கு எடை உண்டு என்பதை 1643இல் பாதரசக் குழாயைக் கொண்டு காட்டிய டாரிசெல்லி, கலிலியோவின் இறுதி மாதங்களில் அவருடன் இருந்து பணிபுரிந்தவர். வாட்டின் எந்திரத்துக்குக் காற்றுப் புகாத உருளை கிடைத்ததோ பீரங்கிக் குழல் கடைவதற்காக வில்கின்சன் 1774இல் உருவாக்கிய முறையால். வானத்தைப் பார்த்தவரிடமிருந்து சுரங்கத்துக்கும், போர்க்களத்திலிருந்து ஆலைக்கும் ஓடுகிற இழை இது. அட்டவணையின் நேர்கோடுகள் அந்த இழையை நான்கு இடங்களில் வெட்டியிருக்கின்றன. பிழையைத் திருத்துவது எளிது. இழையை மீண்டும் முடிச்சிட வேறொரு பாடம் எழுதித்தான் ஆக வேண்டும்.

அரசியல் புரட்சிகளைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இங்குதான் உங்கள் வரைவு மிகக் கூடுதலாக விட்டிருக்கிறது. 1789 ஆகஸ்ட் 26 அன்று பிரெஞ்சு தேசிய மன்றம் மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது என்பது நூலில் இருக்கிறது. இரண்டே ஆண்டுகளில் எழுத்தாளர் ஒலிம்ப் தெ கூஜ் பெண்களின் உரிமைப் பிரகடனத்தை எழுதியது இல்லை. தூக்குமேடை ஏறப் பெண்ணுக்கு உரிமை உண்டென்றால் சொற்பொழிவு மேடை ஏறவும் உரிமை வேண்டும் என்று அதில் எழுதியவர் 1793 நவம்பரில் கில்லட்டின் என்ற தலைவெட்டும் கருவியின் மேடைக்குத்தான் அனுப்பப்பட்டார். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை 1944இல்தான் வந்தது. அதே 1791இல் லெ ஷப்பலியே சட்டம் தொழிலாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைப்பதைத் தடை செய்தது. அதுவும் சுதந்திரத்தின் பெயரால்தான். இவையின்றி "சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்" என்று தடித்த எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தால், அது ஒரு வாய்பாடு.

ஹைட்டியை நீக்கியதைத்தான் என்னால் எந்த வகையிலும் பொறுக்க முடியவில்லை. பிரகடனத்தைப் படித்தவுடன் வகுப்பில் யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை: பிரான்சிடம் அடிமைகள் இருந்தார்களே, அவர்களுக்கும் இது பொருந்தியதா? கரும்புத் தோட்டங்களால் செழித்த, பின்னாளில் ஹைட்டி ஆன சான் டொமிங் குடியேற்றத்தில் ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகள் அந்தக் கேள்விக்கு 1791 ஆகஸ்டில் தாங்களே விடையளித்தார்கள். தோட்டங்கள் எரிந்தன, 1793இல் அங்கிருந்த பிரெஞ்சு ஆணையர்கள் விடுதலையை அறிவிக்க வேண்டியதாயிற்று, 1794 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் மன்றம் அதை ஏற்றுக் குடியேற்றங்கள் அனைத்திலும் அடிமைமுறையை ஒழித்தது. அடிமைமுறையை மீட்க நெப்போலியன் அனுப்பிய படை 1802இல் அங்கு வந்திறங்கியது. எழுச்சியின் தலைவர் டூசான் லூவெர்ச்சூர் பிடிபட்டு, பிரான்சின் குளிர்மலைக் கோட்டை ஒன்றில் 1803இல் மாண்டார். இருந்தும் படை தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று, அவருக்குப்பின் தலைமையேற்ற டெசலின் ஹைட்டியின் விடுதலையை அறிவித்தார். அடிமைகள் போரிட்டு வென்று நாடமைத்த நிகழ்வு வரலாற்றில் வேறு ஏது? அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பாடத்துக்குள் வர வேண்டும். 1825இல் பிரெஞ்சு மன்னர் போர்க்கப்பல்களை அனுப்பி, முன்னாள் தோட்ட முதலாளிகளின் இழப்புக்காக 15 கோடி பிராங்க் கேட்டார். பின்னர் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டாலும் அதற்காக வாங்கிய கடன்களின் சுமை அடுத்த நூற்றாண்டு வரை நீண்டது. அமெரிக்க ஐக்கிய நாடு, எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் அறிவித்த நாடு, ஹைட்டியை அங்கீகரித்தது 1862இல். இந்த ஒரு நிகழ்வை வைத்து அமெரிக்கப் புரட்சியையும் பிரெஞ்சுப் புரட்சியையும் அளந்து பார்க்க மாணவர்களால் முடிகிறது. அளவுகோலையே எடுத்துவிட்டுப் பொருளை மட்டும் வைத்திருக்கிறீர்கள்.

தொழிற்புரட்சியிலும் இதே கதைதான். ஆர்க்ரைட் 1771இல் குரோம்ஃபோர்டில் நூற்பாலை தொடங்கினார் என்று இருக்கிறது. இந்தியப் பருத்தித் துணியுடன் போட்டியிட முடியாமல் இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டு அதைத் தடுத்தது என்று இல்லை. ஆலைகளின் பஞ்சு எங்கிருந்து வந்தது என்றும் இல்லை. அமெரிக்காவில் 1790இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் 40 லட்சத்தை நெருங்கியது. மான்செஸ்டரின் கதிர்கள் சுழலச் சுழலத் தென்மாநிலத் தோட்டங்கள் விரிந்தன. எந்திரம் வந்தால் அடிமைமுறை தானே மறையும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு இந்த இரண்டு எண்கள் போதும். ஆலைக்குள் நடந்ததையும் வரைவு ஒரே வரியில் கடந்துவிடுகிறது: "தொழிலாளர் நலச் சட்டங்கள் இயற்றப்பட்டன." தாமாகவா இயற்றிக்கொண்டன? 1812இல் எந்திரங்களை உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் செய்த பிரிட்டிஷ் நாடாளுமன்றம், 1833இல் பட்டு ஆலைகள் நீங்கலான துணி ஆலைகளில் 9 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை அமர்த்தக் கூடாது என்று சட்டம் செய்யும் நிலைக்கு வந்தது. நடுவில் 1819இல் மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர்ஸ் திடலில் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை ஏவப்பட்டது. 1833 சட்டத்தைச் செயற்படுத்த நாடு முழுமைக்கும் நியமிக்கப்பட்ட ஆய்வாளர்கள் நான்கு பேர் என்பதையும் சேர்த்துச் சொன்னால், சட்டத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள தொலைவு மாணவர்களுக்குத் தானே விளங்கிவிடுகிறது. 1838இல் வாக்குரிமைக்காகப் போராடிய தொழிலாளரின் சாசன இயக்கத்தார் வைத்த ஆறு கோரிக்கைகளை அன்றைய நாடாளுமன்றம் திரும்பத் திரும்ப நிராகரித்தது. 1842இல் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டும் பயனில்லை. ஆண்டுதோறும் தேர்தல் என்ற ஒன்று நீங்கலாக மற்ற ஐந்தும் பின்னாளில் சட்டமாயின.

வளர்ச்சியைச் சொல்ல மறுத்துத் துயரத்தை மட்டும் எழுதச் சொல்கிறேன் என்று உங்களில் சிலர் கருதலாம். ஜென்னர் 1796இல் போட்ட அம்மைப்பால், 1980இல் பெரியம்மையை உலகிலிருந்தே ஒழித்ததாக அறிவிக்கும் வரை வந்து சேர்ந்ததை நான் மகிழ்ச்சியோடுதான் நடத்துகிறேன். மீட்டரும் கிலோகிராமும் பிரெஞ்சுப் புரட்சி நமக்குக் கொடுத்தவை என்று சொல்லும்போது மாணவர் முகத்தில் வரும் வியப்பும் எனக்குப் பிடிக்கும். அதே மூச்சில், நிலக்கரியை எரிக்கத் தொடங்குமுன் காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமிலவாயு இன்று 420ஐத் தாண்டியிருப்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே வரலாறு.

ஆகவே, பின்வருவனவற்றை உங்கள் குழு பரிசீலித்து, எழுத்து வடிவில் பதிலளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அட்டவணையை நீக்குங்கள். குறைந்தது, பாடத்தின் இறுதியில் காலவரிசைக் குறிப்பாக மட்டும் வையுங்கள். ஒரே பாடம்தான் என்றால் அதை ஐந்து புரட்சிகளின் தொகுப்பாக எழுதாமல், அச்சு, நீராவி, உரிமைப் பிரகடனம் போன்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இழைகளின் வழியே எழுதுங்கள். பக்கம் போதாதெனில் போர்களின் பட்டியலையும், நெப்போலியனின் வெற்றி தோல்விகளையும், கண்டுபிடிப்பாளர் பெயர் வரிசையையும் குறைத்துக்கொள்ளலாம். அவற்றுக்காக எந்த ஆசிரியரும் வருந்தமாட்டார்.

ஹைட்டிப் புரட்சியைத் தனிப் பகுதியாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். பெட்டிச் செய்தியாகப் போடுவதை ஏற்க இயலாது. பெட்டிச் செய்தியிலிருந்து வினா வராது, வினா வராததை வகுப்பில் நடத்த விடமாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். மெமிங்கன் கோரிக்கைகள், ஒலிம்ப் தெ கூஜின் பிரகடனம், சாசன இயக்கத்தின் ஆறு கோரிக்கைகள் ஆகியவற்றிலிருந்து சில வரிகளையேனும் மூல ஆவணமாகத் தமிழில் தாருங்கள்.

வாட் குறித்த பிழையையும் சமயச் சுதந்திரம் குறித்த வரியையும் அச்சுக்கு முன் திருத்த வேண்டும். வினாத்தாள் வடிவமைப்பில், காரணங்களையும் விளைவுகளையும் பட்டியலிடும் வினாக்களுக்குப் பாதிக்குமேல் மதிப்பெண் ஒதுக்காமல், ஓர் ஆவணத்தையோ படத்தையோ கொடுத்து விளக்கம் கேட்கும் வினா ஒன்றைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்கேற்ப விடைக்குறிப்பும் மாற வேண்டும்.

இறுதியாக, நூல் அச்சுக்குப் போகுமுன் இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்களை அழைத்து ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துங்கள். எதை, எந்த அடிப்படையில் நீக்கினீர்கள் என்பதற்கான குழுவின் குறிப்புகளை அதற்கு முன்பே வெளியிடுங்கள். மாற்று வரைவு வேண்டுமென்றால் எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியர் ஒருவர்